குறுக்கே படுத்த இன்ஜின்

மாருதி 800, சான்ட்ரோ, ஸ்விஃப்ட் என்று எந்தச் சின்னக் காராக இருந்தாலும் சரி, பானட்டைத் தூக்கிப் பாருங்கள். இன்ஜின் காரின் அகலவாக்கில், இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே குறுக்காகப் படுத்திருக்கும். ஒரு பழைய அம்பாசடரில் பார்த்தால் அது நீளவாக்கில், ரேடியேட்டரில் தொடங்கி டிரைவரின் கால் பக்கம் நோக்கி நீண்டிருக்கும். வித்தியாசம் வெறும் 90 டிகிரி. அந்த 90 டிகிரியைத் திருப்புவதற்கு மோட்டார் உலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறது. இடையில் ஒரு பெரிய கம்பெனி திவாலானது. இன்னொரு கம்பெனி உலகமே கொண்டாடிய காரை விற்றும் காசு பார்க்க முடியாமல் தவித்தது. கடைசியில் கணக்கைச் சரிசெய்தது, இன்று பலருக்குப் பெயர்கூடத் தெரியாத ஓர் இத்தாலியக் கார்.

அம்பாசடரின் பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்து போனவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். காலடியில் தரை சமமாக இருக்காது. முன்னிருந்து பின்வரை முதுகு போல ஒரு மேடு ஓடும். இரண்டு காலையும் அதன் இரு பக்கமும் பரப்பி வைத்துக்கொண்டுதான் பயணம். அந்த மேட்டுக்கு அடியில் ஓடுவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். முன்னால் இருக்கும் இன்ஜின் கிளட்ச் வழியாகக் கியர்பாக்ஸைச் சுற்றுகிறது. அங்கிருந்து இந்த நீண்ட இரும்புத் தண்டு சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஒரு பற்சக்கர ஜோடி அந்தச் சுழற்சியைச் செங்குத்தாகத் திருப்பிப் பின்சக்கரங்களுக்குக் கொடுக்கிறது. முன்னால் பிறந்த சக்தி காரின் முழு நீளத்தையும் கடந்து, ஒரு முறை திசை மாறி, அதன் பிறகே தரையைத் தொடுகிறது. அந்த வழிநெடுகிலும் எடை, இட விரயம், உராய்வு.

இவ்வளவு சுற்றுவழியை யார் ஏற்படுத்தினார்கள்? பிரான்சின் பான்ஹார்ட் லெவாஸ்ஸோர் கம்பெனி 1891இல் இந்த அமைப்பைக் கொண்டுவந்தது: முன்னால் இன்ஜின், நடுவில் கியர்பாக்ஸ், பின்னால் இயங்கும் சக்கரம். மற்ற எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. முன்சக்கரத்துக்குத் திரும்புவது மட்டும் வேலை, பின்சக்கரத்துக்கு உந்துவது மட்டும் வேலை. ஒரே சக்கரத்திடம் இரண்டையும் கேட்டால்தான் தலைவலி.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். உலகில் தானாக ஓடிய முதல் வண்டியே முன்சக்கரத்தால் இயங்கியதுதான். 1770 வாக்கில் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் நிக்கோலா ஜோசப் க்யூன்யோ, பீரங்கி இழுப்பதற்காக ஒரு நீராவி வண்டி செய்தார். மூன்று சக்கரம். முன்னால் இருந்த ஒற்றைச் சக்கரத்தை நீராவி இன்ஜின் சுற்றியது. வண்டியைத் திருப்பியதும் அதே சக்கரம்தான். அதற்கும் முன்னால் பானை போன்ற பெரிய கொதிகலன் தொங்கியது. திருப்பும்போது இன்ஜினும் கொதிகலனும் சேர்ந்தே திரும்ப வேண்டும். ஓட்டியவர் பாடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். அந்த வண்டி இன்றும் பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் நிற்கிறது.

முன்னிருந்து இழுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மாட்டை வண்டிக்குப் பின்னால் கட்டித் தள்ளச் சொல்வாரில்லை. இழுக்கிறவன் முன்னால் போனால் வண்டி அவன் போகும் திசையில் தானாகவே தொடரும். காரிலும் இன்ஜினின் பாரம் முன்சக்கரங்கள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சக்கரங்களே இயங்கினால் சேற்றிலும் பனியிலும் பிடிமானம் கூடும், தண்டு வேண்டாம், மேடு வேண்டாம், தரையை எவ்வளவு தாழ்வாக வேண்டுமானாலும் வைக்கலாம். பொறியாளர்களுக்கு இதெல்லாம் தெரியும். தடுத்தது ஒரே ஒரு பொருள், உள்ளங்கையில் அடங்கும் ஓர் இணைப்பு.

சக்கரத்தை நேராக நிறுத்தியபடி சுற்றுவது எளிது. அதைத் திருப்பியபடியே சுற்றவும் வேண்டும் என்றால், சுற்றும் தண்டு நடுவில் மடங்க வேண்டும். அதற்கு 17ஆம் நூற்றாண்டு ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயரால் அறியப்படும் ஓர் இணைப்பு இருந்தது. நம் பட்டறைகளில் யு.ஜே. கிராஸ் என்பார்களே, சிலுவை வடிவில் நான்கு முனை கொண்ட துண்டு, அதுதான். லாரிகளின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் இன்றும் பார்க்கலாம். தண்டு லேசாக மடங்கினால் அது பிரமாதமாக வேலை செய்யும். மடிப்பு அதிகமானால் அதன் குணம் வெளிப்பட்டுவிடும்: ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. 30 டிகிரி மடித்தால், மறுபக்கத்து வேகம் ஒரு நேரம் 13 சதவீதம் குறையும், அடுத்த நேரம் 15 சதவீதம் கூடும். ஒவ்வொரு சுற்றிலும் இது இரண்டு முறை நடக்கும். தெருமுனையில் 20 கி.மீ. வேகத்தில் திரும்பும்போது விநாடிக்கு ஐந்தாறு தடவை சக்கரம் இழுத்து இழுத்து விடும். அந்த உதறல் அப்படியே ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வரும். தண்டுகள் முறியும். பின்சக்கரக் கார்களில் இந்தத் தொல்லை தெரிவதில்லை. அங்கே மடிப்பு சிறியது, தண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் வைத்து ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றதால் சமன் செய்துவிடுவார்கள்.

இது தெரிந்தும் முயன்றவர்கள் உண்டு. அமெரிக்காவின் வால்டர் கிறிஸ்டி இன்ஜினைக் குறுக்கே வைத்து, முன்சக்கரத்தை இயக்கி, 1907 பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ பந்தயத்துக்கே காரைக் கொண்டுபோனார். கார்த் தொழிலில் அவர் எடுபடவில்லை. பிற்காலத்தில் அவர் வகுத்த சஸ்பென்ஷன் அமைப்பு சோவியத் டி-34 டாங்கியில் ஏறி ஹிட்லரின் படைகளை விரட்டியது என்பது தனிக் கதை. ஜெர்மனியின் டிகேடபிள்யூ 1931இல் எஃப்1 என்ற சின்னக் காரில் இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இன்ஜினைக் குறுக்கே போட்டு முன்சக்கரத்தை இயக்கியது, நன்றாகவே விற்றது. இன்ஜினின் பலமே சொற்பம் என்பதால் இணைப்புகளுக்கு வந்த சோதனையும் சொற்பம். ஆகவே 1959இல் பிரிட்டனில் வந்த மினிதான் முதல் குறுக்கு இன்ஜின் கார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முழு அளவுக் குடும்பக் காரில், லட்சக்கணக்கில் செய்து விற்கும் துணிச்சல் பிரான்சின் கார் உற்பத்தியாளர் ஆந்த்ரே சித்ரோவனுக்கு வந்தது. மனிதர் சூதாட்டப் பிரியர். தோவில் நகரத்துச் சூதாட்ட மேசைகளில் பெரும் பணம் விட்டவர். 1925 முதல் ஈஃபில் கோபுரத்தில் தன் பெயரை விளக்குகளால் எழுதி வைத்து, பாரிஸ் முழுவதும் தெரியும்படி எரியவிட்டவர். 1933இல் தன் தொழிற்சாலையை இடித்துச் சில மாதங்களில் புதிதாகக் கட்டினார். கையில் பணம் இல்லை, எல்லாம் கடன். 1934இல் அந்தக் கடனிலிருந்து வெளிவந்த கார்தான் த்ராக்ஸியோன் அவான்.

ஆந்த்ரே லெஃபெவ்ர் பொறியியல் பார்த்தார். ஃப்ளாமினியோ பெர்தோனி என்ற இத்தாலியச் சிற்பி உடலை வடித்தார். முன்சக்கர இயக்கம் அதன் புதுமைகளில் ஒன்றுதான். அதுவரை கார் என்றால் லாரி மாதிரி கனத்த சேஸிஸ் சட்டம், அதன் மேல் பெட்டி. இவர்கள் சட்டத்தையே தூக்கி எறிந்துவிட்டு, தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து உடலையே தாங்கும் கூடாக்கினார்கள். அது கனம் தாங்குமா என்று கேட்டவர்களுக்காக ஒரு காரை மலைச்சரிவிலிருந்து உருட்டிவிட்டுப் படம் எடுத்துக் காட்டினார்கள். நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக், முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். மற்ற கார்கள் ஏணி வைத்து ஏறும்படி நின்ற காலத்தில் இது தரையோடு பதுங்கி நின்றது; படிப்பலகையே தேவைப்படவில்லை. வளைவில் அது போன வேகத்தில் மற்றவை போனால் கவிழும். போருக்குப் பிந்தைய பாரிஸில் வங்கிக் கொள்ளையர்கள் அதைத் தேடித் திருடினார்கள் என்றால், அதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை.

ஆனால் அவசரம். தானியங்கி கியர்பாக்ஸ் வைப்பதாக இருந்தது. கடைசி நேரத்தில் அது தேறாமல் போக, மூன்று கியர் கொண்ட சாதாரணப் பெட்டியை அரக்கப்பரக்க வடிவமைத்தார்கள். வாங்கியவர்கள் கையில் தண்டு இணைப்புகள் உடைந்தன. புகார்கள் குவிந்தன, கடன்காரர்கள் கதவைத் தட்டினார்கள். 1934 டிசம்பரில் கம்பெனி திவால். அதிகக் கடன் கொடுத்திருந்த டயர் கம்பெனியான மிஷலான் அதை எடுத்துக்கொண்டது. 1935 ஜூலையில் சித்ரோவன் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். கோளாறுகள் ஒவ்வொன்றாகச் சரிசெய்யப்பட்டு, அந்தக் கார் 1957 வரை ஏழரை லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. அதன் வெற்றியை அவர் பார்க்கவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். த்ராக்ஸியோன் அவானில் இன்ஜின் இன்னும் நீளவாக்கில்தான் இருந்தது. கியர்பாக்ஸ் அதற்கும் முன்னால். அதனால் மூக்கு நீண்டது. உயரத்தில் மிச்சம் பிடித்தார்கள், நீளத்தில் பிடிக்கவில்லை. அது மினிக்காகக் காத்திருந்தது. மினி ஒரு நல்ல இணைப்புக்காகக் காத்திருந்தது.

அந்த இணைப்பைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரெட் ரெஸெப்பா. அமெரிக்காவில் ஃபோர்டில் வேலை பார்த்த பொறியாளர். 1920களிலேயே யோசனை தயார். மலிவாகவும் பெருமளவிலும் செய்யத்தான் நாளாயிற்று. ஒரு தண்டின் முனையில் கிண்ணம், மற்றதன் முனையில் குமிழ். இரண்டிலும் வளைந்த பள்ளங்கள் வெட்டி, நடுவில் ஆறு எஃகு உருண்டைகளைப் போட்டு, ஒரு வளையக் கூண்டால் பிடித்திருப்பார்கள். இன்ஜின் பக்கத்துக் குமிழ் உருண்டைகளைத் தள்ளும். உருண்டைகள் சக்கரத்துப் பக்கக் கிண்ணத்தைத் தள்ளும். சூட்சுமம் பள்ளங்களின் வளைவில் இருக்கிறது. தண்டுகள் எந்தக் கோணத்தில் மடங்கினாலும் ஆறு உருண்டைகளும் அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே நிற்கும்படி அவை வெட்டப்பட்டிருக்கின்றன. அதனால் ஒவ்வொரு உருண்டையும் இரண்டு தண்டுகளின் அச்சிலிருந்தும் எப்போதும் ஒரே தூரத்தில் இருக்கும். தூரம் ஒன்றென்றால் வேகமும் ஒன்று. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

உங்கள் காரில் அதைப் பார்க்க வேண்டுமானால், முன்சக்கரத்தை முழுக்க ஒரு பக்கம் ஒடித்துவிட்டு உள்ளே எட்டிப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் உறை தெரியும். மெக்கானிக் அதை ஆக்சில் பூட் என்பார். அதற்குள் கிரீஸில் மூழ்கி அந்த ஆறு உருண்டைகள் இருக்கின்றன. பூட் கிழிந்தால் கிரீஸ் தெறித்துப் போகும், மண் உள்ளே போகும், பள்ளங்கள் தேயும். பிறகு முழுதாக ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் டக் டக் டக் என்று சத்தம் வரும். சில நூறு ரூபாய் ரப்பரை மாற்றாமல் விட்டால் சில ஆயிரம் ரூபாய் ஜாயிண்ட் போகும். சர்வீஸுக்கு விடும்போது அந்த உறையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இணைப்பு கிடைத்தது; மினி பிறக்க ஒரு நெருக்கடி வேண்டியிருந்தது. 1956இல் எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். போர் மூண்டது, கால்வாய் அடைபட்டது, பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. ஸ்கூட்டர் இன்ஜின் வைத்த முட்டை வடிவ ஜெர்மன் வண்டிகள் லண்டன் தெருக்களில் பெருகின. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனர்டு லார்டுக்கு அவற்றைக் கண்டாலே பிடிக்காது. ஒழுங்கான ஒரு சின்னக் கார் செய்து அவற்றைத் தெருவிலிருந்து விரட்டும்படி அலெக் இஸிகோனிஸிடம் சொன்னார். ஒரு நிபந்தனை: ஏற்கெனவே கம்பெனியிடம் இருக்கும் இன்ஜினைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இஸிகோனிஸ் 1906இல் இன்றைய துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். தந்தை கிரேக்க வம்சம், தாய் ஜெர்மானியர். 1922இல் அந்த நகரத்தைப் போர் சூழ்ந்தபோது பிரிட்டிஷ் கப்பலில் தப்பிய குடும்பம். கணிதத் தேர்வில் மூன்று முறை தோற்றவர். காகிதத்தில் கையால் கிறுக்கியே எதையும் யோசிப்பார். இலங்கையில் இன்றும் செல்லமாகப் பராமரிக்கப்படும் மொரிஸ் மைனர் இவர் கைவண்ணம்தான். கடைசிக் கட்டத்தில் அந்தக் காரின் மாதிரி மிகவும் ஒடுக்கமாக இருப்பதாகப் பட்டதும், அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் தள்ளிவைத்துப் பார்த்து, அந்த அகலத்தையே முடிவு செய்தார். மொரிஸ் மைனரின் பானட் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலம்தான். அடுத்த முறை ஒன்றைக் கண்டால் தடவிப் பாருங்கள்.

புதிய காருக்கு அவர் வைத்துக்கொண்ட அளவு: பத்தடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். அந்தப் பத்தடி நீளத்தில் ஆறடி பயணிகளுக்கான இடம். நாலு பெரியவர்கள் உட்கார வேண்டும். மாருதி 800 இதைவிட ஓரடி நீளம் என்றால் நெருக்கடி புரியும். நாலு சிலிண்டர் இன்ஜினை நீளவாக்கில் வைத்தால் இடத்தை அதுவே விழுங்கிவிடும். எனவே குறுக்கே திருப்பினார். அப்போது ஒரு லாபம் தானாக வந்து சேர்ந்தது: இன்ஜினின் சுழல்தண்டு இப்போது சக்கரங்களின் அச்சுக்கு இணையாக இருக்கிறது, சுழற்சியைச் செங்குத்தாகத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை, சாதாரணப் பற்சக்கரங்கள் போதும்.

சரி, கியர்பாக்ஸ்? இன்ஜினுக்குப் பக்கத்தில் வைக்க அகலம் போதாது. இன்ஜினுக்கு அடியில், ஆயில் சம்ப்புக்குள்ளேயே அதை இறக்கிவிட்டார். இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில்! ரேடியேட்டரை முன்னிருந்து எடுத்துப் பக்கவாட்டில், சக்கரத்தின் வளைவுக்குள் திணித்தார். சக்கரமும் இடத்தை அடைக்கிறதே என்று அதைப் பத்து அங்குலமாகச் சுருக்கினார். அந்த அளவில் கார் டயர் செய்து தர டன்லப்பை ஒத்துக்கொள்ள வைத்தார்கள். இரும்புச் சுருள் வில் போட இடமில்லை. நண்பர் அலெக்ஸ் மோல்டன் கூம்பு வடிவ ரப்பரை வில்லாக்கித் தந்தார். கதவுக் கண்ணாடியை இறக்காமல் தள்ளித் திறக்கும்படி வைத்து, மிஞ்சிய கதவுக் குழிவைச் சாமான் வைக்கும் பையாக்கினார். எனக்கு அந்தக் காரில் பிடித்ததே இந்தக் கதவுப் பைதான். ஒன்றை எடுத்தால் இன்னொன்று கிடைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஒரு மனம் அதில் தெரிகிறது.

1959 ஆகஸ்ட் 26ஆம் தேதி மினி வெளிவந்தது. வரியோடு சேர்த்து விலை 500 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. மாதிரிக் காரை ஓட்டிப் பார்த்தபோது மணிக்கு 145 கி.மீ. வரை பறந்ததால், பயந்துபோய் 948 சிசி இன்ஜினை 848 சிசியாகக் குறைத்திருந்தார்கள். மாதிரியில் கார்புரேட்டர் முன்பக்கம் இருந்து குளிர்காற்றில் உறைந்ததால் இன்ஜினை முன்பின்னாக மாற்றி வைத்தார்கள். கார்புரேட்டர் பின்னால் போனது, டிஸ்ட்ரிப்யூட்டர் முன் கிரில்லுக்கு நேரே வந்து நின்றது. மழைத்துளி அதன் மேல் அடித்ததும் கார் நின்றது. அடித்தகட்டின் மடிப்புகள் தவறான திசையில் இணைக்கப்பட்டிருந்ததால் சாலைத் தண்ணீர் உள்ளே ஏறி மிதியடிகள் நனைந்தன. எல்லாவற்றையும் பிறகு சரிசெய்தார்கள். 1964, 1965, 1967 மான்டே கார்லோ ராலிகளில் தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய கார்களை மினி வென்றது. பீட்டில்ஸ் முதல் பால்காரர் வரை எல்லோரும் வாங்கினார்கள். 2000ஆம் ஆண்டு வரை 53 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

பணம்? போட்டிக் கம்பெனியான ஃபோர்டு ஒரு மினியை வாங்கித் திருகாணி திருகாணியாகக் கழற்றிக் கணக்குப் போட்டது. இந்த விலைக்கு இதைச் செய்தால் ஒவ்வொரு காரிலும் நட்டம்தான் வரும் என்று முடிவு கட்டியதாக மோட்டார் உலகில் நெடுநாள் பேச்சு. இஸிகோனிஸுக்குச் செலவுக் கணக்கில் அக்கறை இருந்ததில்லை. சம்ப்புக்குள் கியர் வைத்தது அழகான விடை. ஆனால் செலவு பிடிக்கும் விடை, சத்தம் போடும் விடை. கியர்கள் அரைக்கும் துகள் இன்ஜின் ஆயிலில் கலக்கும். கியரில் கை வைக்க வேண்டுமானால் இன்ஜினோடு சேர்த்து இறக்க வேண்டும். அவருடைய கம்பெனி கைமாறிக் கைமாறி, 1975இல் அரசு எடுத்து நடத்தும் நிலைக்கு வந்தது. அதற்கு மினி மட்டுமே காரணம் என்று சொல்வது அநியாயம். மினி காப்பாற்றவில்லை என்பது மட்டும் உண்மை.

மினியைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ட்யூரின் நகரில் இருந்தார். ஃபியட்டின் தலைமைப் பொறியாளர் தாந்தே ஜாகோஸா. நம் ஊரில் பிரீமியர் பத்மினியாக ஓடிய ஃபியட் 1100 இவர் காலத்துக் காரே. ஜாகோஸாவுக்குக் குறுக்கு இன்ஜின் பிடித்தது; சம்ப்புக்குள் கியர்பாக்ஸ் பிடிக்கவில்லை. இன்ஜினின் ஒரு முனையில், அதே வரிசையில் கியர்பாக்ஸை ஒட்டிவைத்துவிட்டால் என்ன என்று கேட்டார். அகலம் போதாது என்று எல்லோரும் கைவிட்ட இடம் அது. கிளட்ச்சை விடுவிக்கும் பொறியமைப்பைச் சுருக்கி அந்த அகலத்தைச் சம்பாதித்தார்.

அப்படி வைத்ததும் புதிய சிக்கல் முளைத்தது. கியர்பாக்ஸ் ஒரு ஓரத்தில் இருப்பதால் ஒரு சக்கரத்துக்குப் போகும் தண்டு குட்டை, மறுசக்கரத்துத் தண்டு நெட்டை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் நெட்டைத் தண்டு அதிகமாக முறுக்கிக்கொள்ளும், குட்டை குறைவாக முறுக்கிக்கொள்ளும். கார் ஒரு பக்கமாக இழுக்கும். ஜாகோஸாவின் பதில்: குட்டைத் தண்டு கெட்டிக் கம்பி, நெட்டைத் தண்டு உள்ளே துளையுள்ள பெரிய குழாய். இரண்டும் ஒரே அளவு முறுக்கிக்கொண்டன. இன்ஜின் குறுக்கே கிடந்தால் அதன் பெல்ட்டில் சுற்றும் விசிறி ரேடியேட்டரைப் பார்க்காதே என்றதற்கு, ரேடியேட்டரை முன்னாலேயே வைத்து, சூடேறும்போது மட்டும் ஓடும் மின்விசிறியைப் பொருத்தினார்கள். டிராஃபிக்கில் நிற்கும்போது உங்கள் காருக்குள் திடீரென்று உர்ரென்று ஒரு விசிறி கிளம்புகிறதே, அதே ஏற்பாடு.

ஃபியட் நிர்வாகத்துக்குப் பயம். தோற்றால் பெயர் கெடும் என்று, துணைக் கம்பெனியான ஆட்டோபியாங்கியின் பெயரில் 1964இல் அந்தக் காரை விட்டார்கள். பெயர் ப்ரிமுலா. 1965க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதில் அதற்கு இரண்டாம் இடம். முதலிடம் ஆஸ்டின் 1800க்கு: இஸிகோனிஸ் வடிவமைத்தது, கியர்பாக்ஸ் சம்ப்புக்குள்! நடுவர்கள் சிறந்த காரைப் பார்த்தார்கள். எது நிலைக்கும் என்று பார்க்கவில்லை.

ப்ரிமுலா தேறியதும் ஃபியட் துணிந்து 1969இல் 128ஐத் தன் பெயரிலேயே கொண்டுவந்தது. 1974இல் ஃபோக்ஸ்வாகன், பின்னால் இன்ஜின் வைத்த பீட்டிலின் பிடியிலிருந்து விடுபட்டு கோல்ஃபை விட்டது: இன்ஜின் குறுக்கே, கியர்பாக்ஸ் அதன் ஓரத்தில், முன்சக்கர இயக்கம். ஜப்பானியர்கள் பின்தொடர்ந்தார்கள். 1983 டிசம்பரில் குர்கானிலிருந்து வெளிவந்த மாருதியின் முதல் காரில், 796 சிசி மூன்று சிலிண்டர் சுசுகி இன்ஜின் அதே வரிசையில் குறுக்கே கிடந்தது. பத்மினியும் அம்பாசடரும் பழகிய நம் மெக்கானிக்குகளுக்கு ஆக்சில் என்ற சொல்லே அன்றிலிருந்துதான் முன்பக்கம் வந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கிளம்பிய சான்ட்ரோவும் அதே ஜாதகம்.

இந்த அமைப்புக்கும் ஒரு விலை உண்டு. முன் டயர்களே இழுக்கின்றன, திருப்புகின்றன, பிரேக்கிலும் பெரும்பங்கைச் சுமக்கின்றன. அதனால் அவை முதலில் தேய்கின்றன. முன்னும் பின்னும் மாற்றிப் போடச் சொல்வது அதனால்தான். செங்குத்தான ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சாயும்போது முன்சக்கரம் பிடிமானம் இழந்து சுழலும். பலமான இன்ஜினுக்கு இது ஏற்றதில்லை. சின்னக் காருக்குக் கிடைக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சில்லறை.

மின்சாரக் கார் வந்ததும் கணக்கு மீண்டும் மாறுகிறது. மின்மோட்டார் சின்னது, பின்னச்சோடு சேர்த்தே அதை வைத்துவிடலாம், நீண்ட தண்டும் வேண்டாம், மேடும் வேண்டாம். இடத்துக்காகத்தான் முன்சக்கரம் என்றால் அந்தக் காரணமே போய்விட்டது. கோல்ஃபைப் பெற்ற அதே ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3 மின்காரில் பின்சக்கரத்துக்குத் திரும்பியிருக்கிறது. மஹிந்திராவின் பிஇ 6 காரிலும் மோட்டார் பின்னால்தான். இன்னும் முப்பது ஆண்டு கழித்துக் குறுக்கு இன்ஜினும் க்யூன்யோவின் வண்டியைப் போல அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

1999இல் உலக மோட்டார் பத்திரிகையாளர்கள் கூடி நூற்றாண்டின் காரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலிடம் ஃபோர்டு மாடல் டி. இரண்டாவது மினி. மூன்றாவது சித்ரோவன் கம்பெனியின் டிஎஸ், நான்காவது பீட்டில், ஐந்தாவது போர்ஷே 911. ப்ரிமுலாவை யாரும் நினைக்கவில்லை. மினியின் கியர்பாக்ஸ் அமைப்பை இன்று எந்தக் கார் கம்பெனியும் பின்பற்றுவதில்லை. ப்ரிமுலாவின் அமைப்பு தெருவில் ஓடும் பெரும்பாலான சின்னக் கார்களில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த இரண்டாம் இடம் ப்ரிமுலாவுக்குச் சேர வேண்டியது.